முந்நீர் வழக்கம்

வீட்டைவிட்டுப் போகிறவனிடம் காரணம் கேட்டு, நாள் குறித்து அனுப்பிய சட்டம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. தொல்காப்பியத்தின் அகத்திணையியலும் கற்பியலும் பிரிவை அப்படித்தான் நடத்துகின்றன. தலைவன் சும்மா கிளம்பிப் போய்விட முடியாது. ஓதலுக்கா, தூதுக்கா, பகைக்கா, காவலுக்கா, பொருளுக்கா என்று சொல்லவேண்டும். யார் எதற்குப் போகலாம் என்பதற்குத் தகுதி உண்டு. எத்தனை நாள் போகலாம் என்பதற்குக் கெடுவும் உண்டு. கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது; வேந்தன் வேலை என்றால் ஓராண்டுக்குள் திரும்பவேண்டும்; மற்ற பிரிவுகளுக்கும் அதே கணக்குத்தான்.

முதுகலை வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தபோது, "அம்மா, இது ஸ்டூடன்ட் விசா மாதிரியில்ல இருக்கு" என்றாள் ஒருத்தி. அவள் அண்ணன் அப்போது அயர்லாந்தில் படித்துக்கொண்டிருந்தான். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்த ஒப்புமை சரியாகவே பட்டது. இன்றைய குடிவரவுச் சட்டங்களும் வருகிறவரிடம் முதலில் காரணத்தைத்தான் கேட்கின்றன. படிக்க வந்தவர் படிக்கவேண்டும். வேலைக்கு வந்தவர் வேலை செய்யவேண்டும். ஓதலுக்குப் போனவன் அங்கேயே இருந்துகொண்டு பொருளுக்கு மாறிக்கொள்ளலாமா? தொல்காப்பியத்தில் அப்படியொரு துறை இல்லை. வீடு திரும்பிவிட்டுத்தான் அடுத்த பிரிவு.

இந்த இலக்கணத்தில் பெண் எங்கே இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வாசலில் இருக்கிறாள். ஆனால் அகத்திணையியலில் இன்னொரு நூற்பா உண்டு. முந்நீர் வழக்கம் பெண்ணோடு இல்லை என்பது அதன் கருத்து. இளம்பூரணர் முந்நீர் என்பதைக் கடல் என்று கொண்டு, கடல்வழிப் பிரிவில் தலைவியை உடன் அழைத்துப் போவதில்லை என்கிறார். நம் மதுரைக்காரரான நச்சினார்க்கினியர் அதை மூன்று நீர்மை என்று பிரித்து, ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்று காரணங்களுக்காகவும் போகும்போது தலைவி உடன் செல்வதில்லை என்கிறார். இரண்டு உரைக்கும் நடுவே எத்தனையோ நூற்றாண்டுச் சண்டை உண்டு. பெண்ணை விட்டுவிட்டுப் போவதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அவள் தானாகப் போவாள் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை வைத்துக்கொண்டே இப்படி எழுத முடிந்திருக்கிறது.

மாணவர் விசாவிலிருந்து வேலை அனுமதிக்கு மாறுவது இன்று நம் வீடுகளில் அன்றாடப் பேச்சு. ஓ.பி.டி., எச்-1பி, ஐ-140 என்ற சொற்கள் திருமங்கலத்திலும் மேலூரிலும் டீக்கடை பெஞ்சுவரை வந்துவிட்டன. அந்தப் பேச்சில் வருகிறவன் பெரும்பாலும் பையன்தான். படிக்கப் போன பெண்ணுக்கு, படிப்பு முடிந்து வேலைக்கு மாறவேண்டிய அந்த இடத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கிறது என்பதுதான் நான் பார்க்க விரும்பியது.

*

கடல் கடந்த பெண்கள் நம் பக்கத்தில் முதலில் படிக்கப் போனவர்கள் அல்லர். மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கரிசலிலிருந்தும் கண்மாய்ப் பாசன ஊர்களிலிருந்தும் பஞ்சம் துரத்திய குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று காட்டும் தகரச் சீட்டு ஆளுக்கு ஒன்று. இந்தப் பெண்கள் வேலைக்குத்தான் போனார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது பெண்ணின் வேலை. தோட்டமே அவள் விரலில்தான் நின்றது. ஆனால் ஆவணத்தில் அவள் ஒரு கங்காணியின் ஆள், இன்னாரின் மனைவி. அவள் கூலியைக் கணவன் வாங்கிக்கொள்வது வெகுகாலம் நடந்த வழக்கம்.

அங்கே 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மனிதர்கள் சீட்டுவழியாகக் கைமாறினார்கள். 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். இன்றைய எச்-1பியும் விண்ணப்பித்த முதலாளியோடு கட்டப்பட்டதுதான். வேலை மாற இன்னொரு முதலாளி புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். வேலை போனால் கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றில் பசியும் பிரம்பும் இருந்தன, மற்றதில் கார் கடனும் வாடகை வீடும் இருக்கின்றன. ஆனாலும் 'வேலை அனுமதி' என்ற சொல்லைக் கேட்கும்போது அனுமதி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது அந்தத் துண்டுதான்.

அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு வேலையின் வாசல் அப்படியொன்றும் அகலமாகிவிடவில்லை. 1983ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அலுவலரின் அனுமதி வாங்கவேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது வயது நிறைந்திருக்கவேண்டும். பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்படுகிறது. அதனால் பயணம் நின்றுவிடவில்லை. முகவர் கேட்கும் தொகை கூடியது. சுற்றுலா விசாவில் போவது பெருகியது. இதே ஊரில் பத்தாம் வகுப்புத் தேறிய பெண்ணின் பாஸ்போர்ட்டில் அந்தத் தடை இல்லை. படிப்பு ஒருத்தியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது பிறகு. முதலில் அது பாஸ்போர்ட்டின் தன்மையையே மாற்றிவிடுகிறது. நம் கிராமத்துத் தாய்மார்கள் மகளைப் படிக்கவைக்க ஏன் அப்படி அலைகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

படிப்பின் வாசல் மதுரைக்கு எதிர்த்திசையிலிருந்து திறந்தது. 1834இல் அமெரிக்க மிஷன் இங்கே வந்தது. பின்னால் மணமாகாத பெண்கள் தனியாகக் கப்பலேறி வந்தார்கள். ஈவா ஸ்விஃப்ட் 1884இல் வந்து பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவினார். கேட்டி வில்காக்ஸ் பள்ளிப் பணிக்கு வந்து, 1948இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். ஈவா ஸ்விஃப்ட் வந்த காலத்தில் அமெரிக்கப் பெண்ணுக்கு நாடு முழுமைக்குமான வாக்குரிமை கிடையாது. அது 1920இல்தான் வந்தது. சொந்த ஊரில் கிடைக்காத பொறுப்பு, பதவி, தனி வாழ்வு அவர்களுக்கு வைகைக் கரையில் கிடைத்தன. அவர்கள் நமக்குக் கொடுத்ததைச் சிறுமைப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் கட்டிய வகுப்பறைகளில் படித்தவர்கள் வழியாகத்தான் என் தலைமுறையின் படிப்பே வந்தது. ஆனால் அமெரிக்கப் பெண் மதுரைக்கு வேலைக்கு வர முடிந்த அதே காலத்தில், மதுரைப் பெண் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போவதை அமெரிக்கச் சட்டம் படிப்படியாக அடைத்துக்கொண்டு வந்தது.

1917இன் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைக் கோடு போட்டு விலக்கியது. இந்தியா அந்தக் கோட்டுக்குள் இருந்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுந்த 'வெள்ளையர்' அல்லர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த கேபிள் சட்டத்தின்படி, குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். தாரக்நாத் தாஸை மணந்த மேரி கீட்டிங் அப்படி இழந்தவர். கணவனின் தகுதி எதுவோ அதுதான் மனைவிக்கும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு உடுப்பில் மறுபடி வரும்.

1924இன் சட்டம் கதவை முழுதாகச் சாத்திவிட்டு, ஓரத்தில் ஒரு சிறு சன்னலை மட்டும் விட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட உண்மையான மாணவர், படிப்பதற்காக மட்டுமே வருகிறவர், ஒதுக்கீட்டுக்கு வெளியே வரலாம். 'மட்டுமே' என்பதுதான் முக்கியமான சொல். 1932இல், கூலிக்கு வேலை செய்யும் அயல்நாட்டு மாணவர் மாணவர் தகுதியை இழப்பார் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவே போட்டது.

அந்தச் சன்னல் வழியாகப் போனவர்களில் ஒருவர் ஜானகி அம்மாள். சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், தலைச்சேரியில் 1897இல் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தார். உறவில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகையைத் தேர்ந்துகொண்டார். ஆசியப் பெண்களுக்கென்றே லீவை பார்பர் என்பவர் 1917இல் ஏற்படுத்திய நிதி அது. படித்துவிட்டு ஊர் திரும்பி அங்குள்ளவர்களுக்குப் பயன்படவேண்டும் என்பது அதன் நோக்கம்.

1924இல் அமெரிக்கக் கரையில் இறங்கிய ஜானகி அம்மாளை எல்லிஸ் தீவில் நிறுத்தி வைத்தார்கள். நீண்ட கூந்தலும் பட்டுச் சேலையுமாக நின்ற அவரை இந்திய இளவரசியோ என்று அதிகாரிகள் எண்ணினார்களாம். "நான் மறுக்கவில்லை" என்று அவர் பிற்பாடு சொன்னதாக ஒரு செய்தி உண்டு. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். பிடிக்கும் என்றாலும், அதை வேடிக்கைக் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரி ஆசிரியர் என்றோ அறிவியலாளர் என்றோ ஒரு பழுப்புநிறப் பெண்ணைப் பார்க்க அந்தக் கண்களுக்குத் தெரியவில்லை. இளவரசி என்றால் புரிந்தது. சாதியின் பெயராலும் பெண் என்பதாலும் ஊரிலேயே ஒதுக்கல்களை எதிர்கொண்ட தீயர் குடும்பத்துப் பெண், தனக்குச் சற்றும் பொருந்தாத ஒரு கிரீடத்தைக் கொஞ்ச நேரம் தலையில் இருக்கவிட்டார்.

1931இல் மிச்சிகன் அவருக்கு முதுமுனைவர் பட்டம் கொடுத்தது. அமெரிக்காவில் பேராசிரியராக மாறுவதற்கு அவருக்கு வழி கிடையாது. பட்டம் எவ்வளவு பெரிதானாலும் சன்னல் படிப்புக்கு மட்டுமே. திரும்பினார். திருவனந்தபுரத்தில் கற்பித்தார்; 1934இலிருந்து கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனபோது போர் மூண்டது. அங்கேயே தங்கினார். 1940இல் லண்டனுக்கு அருகில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வந்தது. பிறகு விஸ்லியில் இருந்த அரச தோட்டக்கலைக் கழகத்தில் வேலை. நேரு அழைத்து 1951இல் திரும்பும்வரை பதினோரு ஆண்டுகள் பிரிட்டனில் சம்பளத்துக்கு உழைத்த விஞ்ஞானி அவர்.

அதற்கு அவர் எந்த வேலை அனுமதியும் வாங்கவில்லை. வாங்கவேண்டிய தேவை இல்லை. ஏனென்றால் அவர் பிரிட்டிஷ் பிரஜை. மாநாட்டுக்கு வந்தவர் பணியாளரானார்; இடையில் ஒரு படிவம்கூட இல்லை. அடிமை நாட்டின் பிரஜை என்பதில் வேறெந்த நன்மையும் எனக்குத் தெரியவில்லை. இந்த ஒன்று இருந்திருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பிறகும் காமன்வெல்த் குடிமகள் என்ற முறையில் அந்த உரிமை கொஞ்சகாலம் தொடர்ந்தது. 1962இன் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் அதை முடித்துவைத்தது. அதன் பிறகு வேலைக்கு ஏ, பி, சி என்று மூன்று வகை வவுச்சர். மாணவருக்குத் தனி வழி. அங்கு வாழும் ஆணின் மனைவி உரிமையோடு வரலாம் என்று எழுதியவர்கள், அங்கு வாழும் பெண்ணின் கணவனுக்கு அப்படி எழுதவில்லை. பெண் ஒருவரை அழைத்துக்கொள்ளக் கூடியவள் என்பது அவர்கள் மனத்தில் இல்லை.

ஜானகி அம்மாளைப் பற்றி எழுதுகிறவர்கள் கரும்பையும் மேக்னோலியா பூவையும் எழுதுகிறார்கள். எழுதவேண்டியதுதான். எனக்கு அவர் வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டு கரைகள். ஒரே பெண், ஒரே படிப்பு. ஒரு நாட்டில் மாணவி மட்டுமே; இன்னொரு நாட்டில் விஞ்ஞானி. திறமையை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

*

அமெரிக்கச் சன்னல் 1946இல் சற்று அகன்றது. இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடும், குடியுரிமை பெறும் தகுதியும் வந்தன. அந்தக் காலத்தில் மிச்சிகனுக்குப் போன இன்னொரு பெண் பெங்களூரின் ராஜேஸ்வரி சட்டர்ஜி. மின்பொறியியலில் முதுகலை முடித்ததும் வாஷிங்டனில் இருந்த தேசிய அளவீட்டு நிறுவனத்தில் எட்டு மாதம் வானொலி அலைவரிசை அளவீட்டில் செய்முறைப் பயிற்சி பெற்றார். பிறகு பார்பர் உதவித்தொகையிலேயே முனைவர் பட்டம் முடித்து 1953இல் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குத் திரும்பினார். 'செய்முறைப் பயிற்சி' என்ற சொல்லைக் கவனியுங்கள். படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒரு திண்ணை. வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. இன்று எல்லோரும் சொல்லும் ஓ.பி.டி. அந்தத் திண்ணைதான்.

1952இன் சட்டம்தான் இன்றைய எழுத்துகளையும் எண்களையும் கொண்டுவந்தது. எஃப்-1 மாணவர், எச்-1 தகுதி மிக்க தற்காலிகப் பணியாளர். மாணவருக்குச் சொந்த நாட்டில் ஒரு வீடு இருக்கவேண்டும், அதைக் கைவிடும் எண்ணம் இருக்கக்கூடாது. வருகிற ஒவ்வொருவரும் தங்கிவிடத்தான் வருகிறார் என்று அதிகாரி முதலில் கொள்ளவேண்டும். இல்லை என்று நிரூபிப்பது வருகிறவர் வேலை. சென்னைத் தூதரக வரிசையில் நிற்கும் பிள்ளைகள் '214 பி' என்று பயத்தோடு சொல்வது இந்தப் பிரிவைத்தான். திரும்பி வருவேன் என்று நம்பவைக்க ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிலம், வீடு, தொழில். இங்கே பெண்ணின் பெயரில் நிலம் எத்தனை வீட்டில் இருக்கிறது? தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1989இல்தான் சட்டமானது. நடைமுறை இன்னும் சீர்வரிசையோடு முடிகிறது. அப்பாவின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் அவள் தன் வேர் எங்கே என்று காட்டவேண்டியிருக்கிறது.

1965இல் தேசிய இன ஒதுக்கீடு ஒழிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் படிக்கப்போன இந்தியர் பலர் தொழில்முறைத் தகுதியைக் காட்டி நேரே நிரந்தரக் குடியிருப்புக்கு மாறினார்கள். அந்தக் காலத்தை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கை சிறிது, கதவு திறந்திருந்தது. கூட்டம் சேர்ந்த பிறகுதான் கணக்கு வந்தது. 1990இல் எச்-1பி, ஆண்டுக்கு 65,000. பிறகு அமெரிக்காவிலேயே முதுகலை படித்தவர்களுக்கென்று இன்னொரு 20,000.

இந்த எச்-1பி 'சிறப்புத் தொழில்' செய்கிறவர்களுக்கு. இளங்கலைப் பட்டமாவது இல்லாமல் நுழைய முடியாத வேலைதான் சிறப்புத் தொழில் என்பது வரையறை. கணினி அதில் வருகிறது. செவிலியர் வேலை பொதுவாக வருவதில்லை. செவிலியருக்கு 1989இல் எச்-1ஏ என்று தனியாக ஒன்றை உண்டாக்கி, 1995இல் காலாவதியாக விட்டுவிட்டார்கள். பெண்கள் நிறைந்த தொழில் திறமை குறைந்ததாக எழுதப்படுவதும், ஆண்கள் நிறைந்த தொழில் அறிவின் அடையாளமாக எழுதப்படுவதும் நமக்குப் புதிதல்ல. நாற்று நடும் பெண்ணின் கூலிக்கும் வரப்பு வெட்டும் ஆணின் கூலிக்கும் நம் வயலில் அதே வரையறைதான்.

திண்ணையும் எல்லோருக்கும் ஒரே அகலம் இல்லை. படிப்பு முடித்த யாருக்கும் ஓ.பி.டி. பன்னிரண்டு மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு 2008இல் பதினேழு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. 2016இல் அது இருபத்துநான்கு மாதமானது. ஆக, கணினி படித்தவருக்கு மூன்று ஆண்டு. இலக்கியமோ வரலாறோ சமூகப் பணியோ படித்தவருக்கு ஒன்று. வேலை தேடவும், மார்ச் மாதக் குலுக்கலில் மூன்று தடவை பெயர் போடவும் அவருக்கு நேரம் இருக்கிறது. இவருக்கு ஒரு தடவை கிடைத்தால் பெரிது. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இதில் கூடுதல் கோபம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கல் என்றதும் நம்மவர்களுக்கு உத்திரமேரூர்க் குடவோலை நினைவு வரும். பெருமையாகவும் சொல்வோம். அந்தக் குடத்தில் ஓலை போடத் தகுதி: சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. குலுக்கல் தொடங்கும் முன்பே யாரெல்லாம் குடத்துக்கு வெளியே என்பது முடிவாகிவிடுகிறது.

பிரிட்டன் தன் திண்ணையைக் கட்டியும் இடித்தும் விளையாடியது. படிப்புக்குப் பின் வேலை தேடும் இரண்டாண்டு அனுமதியை 2012இல் நிறுத்தி, 2021 ஜூலையில் வேறு பெயரில் மறுபடி தந்தது. 2024 ஜனவரியிலிருந்து ஆய்வுப் படிப்பல்லாத முதுகலை மாணவர் புதிதாகக் குடும்பத்தை அழைத்துவர முடியாது. மணமான, குழந்தை உள்ள பெண் படிக்கப் போவது ஏற்கெனவே அரிது. இனி அவள் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுப் போகவேண்டும். விடுகிற மாமியார் எத்தனை பேர்?

*

என்னிடம் இளங்கலையில் பகுதி ஒன்று தமிழ் படித்தவள் ஒருத்தி. கணினி அறிவியல் மாணவி. திருமங்கலம் பக்கம் ஊர். கல்லூரியில் மற்ற துறை ஆசிரியைகள் எல்லாம் 'மேம்', தமிழ்த் துறைக்காரர்கள் மட்டும் 'அம்மா' என்பதால் அவளுக்கு என்னிடம் பேச எப்போதும் உரிமை இருந்தது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து முதுகலைக்கு அமெரிக்கா போனாள். படித்தாள். வேலை கிடைத்தது. மூன்று ஆண்டுத் திண்ணை. மூன்று மார்ச், மூன்று குலுக்கல். மூன்றிலும் பெயர் வரவில்லை.

மூன்றாவது முறை வரவில்லை என்று தெரிந்த வாரத்தில் வீட்டில் மாப்பிள்ளை தயார். எச்-1பி மாப்பிள்ளை. திருமணத் தகவல் மையங்களில் சாதி, நட்சத்திரத்துக்கு அடுத்த வரியில் இப்போது விசா வகையும் எழுதுகிறார்கள். "ஊருக்குத் திரும்பி வந்தா கடன் நிக்கும். கட்டிக்கிட்டா இங்கேயே இருக்கலாம்னு அப்பா சொல்றாரும்மா" என்றாள். அந்த அப்பாவை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் பார்த்த சட்டம் அவருக்குச் சொன்னது அதுதான். குலுக்கலில் விழாத மகளுக்கு அங்கே இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறது. அதற்கு ஒதுக்கீடு கிடையாது, குலுக்கல் கிடையாது, பட்டம் தேவையில்லை. தாலி போதும்.

அவள் எச்-4 ஆனாள். சார்ந்தவர். படிக்கலாம், வேலை செய்யக்கூடாது. 1924 சட்டம் மாணவருக்குச் சொன்னதையே 21ஆம் நூற்றாண்டில் மனைவிக்குச் சொல்கிறார்கள். படித்துவிட்டு எச்-1பிக்கு மாறியவன் குடிவரவுக் கணக்கில் திறமையாளன். அதே வகுப்பில் படித்துவிட்டு எச்-4க்கு மாறியவள் அவன் மனைவி. எச்-4இல் எத்தனை ஆண்டு இருந்தாலும், தனக்கென்று எச்-1பி கேட்டால் மறுபடி அதே குலுக்கல்தான்.

2015 மே மாதம் ஒரு சிறு விடுதலை வந்தது. கணவனின் நிரந்தரக் குடியிருப்புக்கு முதலாளி கொடுத்த ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், எச்-4இல் இருப்பவர் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். ஏறக்குறைய அதே விகிதம் இந்தியாவில் பிறந்தவர்கள். ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற உச்சவரம்பால் இந்தியரின் பச்சை அட்டை வரிசை பல பத்தாண்டு நீளம். அவ்வளவு காலம் மனைவி சும்மா இருக்கவேண்டாம் என்பதுதான் இதன் நியாயம். இதை எதிர்த்து அந்த ஆண்டே தொடுக்கப்பட்ட வழக்கு பத்தாண்டு இழுத்தது. ஒவ்வொரு தேர்தலின்போதும் இந்த அட்டை நிலைக்குமா என்ற பேச்சு எழும். லட்சக்கணக்கான வீடுகளில் ஒருவர் சம்பளம் அந்தப் பேச்சைப் பொறுத்து இருக்கிறது.

என் மாணவி இரண்டரை ஆண்டு காத்திருந்தாள். கணவனின் கம்பெனி ஐ-140 போடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. அந்த நாள்களில் அவள் எனக்கு அனுப்பிய செய்திகளில் சமையல் குறிப்புகளும், திடீரென்று ஒரு நாள் சங்கப் பாடலுக்குப் பொருள் கேட்டும் இருக்கும். அவள் கேட்டதெல்லாம் பாலைப் பாட்டு. முல்லை கேட்டதே இல்லை. அவள் கணவன் நல்ல பையன். பாத்திரம் கழுவுவான், கோபப்படமாட்டான். "அவர் ஒண்ணும் சொல்றதில்லம்மா. ஆனா பேங்க்ல என் பேர்ல கார்டு வாங்கக்கூட அவரைக் கேக்கணும்" என்றாள். நல்ல கணவன் வாய்த்தவளின் நிலை இது. அடிக்கிறவன் வாய்த்தவள் அவனை விட்டுப் போனால் விசாவையும் விட்டுப் போகவேண்டும். துன்புறுத்தப்பட்ட எச்-4 மனைவி தனியாக வேலை அனுமதி கேட்கலாம் என்று 2005இல் ஒரு சட்டத்திருத்தம் எழுதப்பட்டது. அதற்கான படிவம் நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டு ஆனது.

2025 செப்டம்பரில் எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது மதுரையிலும் வீடுகளில் இரவு விளக்கு அணையவில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவராக இருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் சொன்னார்கள். படிக்கப் போவதன் விலை அன்று இன்னும் கூடிவிட்டது. வெளியே இருந்து வேலைக்கு அழைப்பது அரிதாக ஆக, படிப்பின் வாசலில்தான் எல்லோரும் முட்டுவார்கள். கடனுக்குப் பத்திரம் வேண்டும். மகனா மகளா என்ற கேள்வி பத்திரத்தை எடுக்கும்போதுதான் வரும்.

என் மாணவிக்கு அட்டை வந்துவிட்டது. படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அட்டை முடியும் தேதி கணவன் தங்கும் அனுமதி முடியும் தேதியேதான். இரண்டு மாதத்தில் வேலையில் சேர்ந்தாள். பழைய சம்பளத்தைவிடக் குறைவு, நடுவில் விட்ட ஆண்டுகளைக் காட்டி அப்படித்தான் பேசினார்களாம். வீட்டுக் கடனில் பாதியை அடைத்திருக்கிறாள். போன மார்ச்சில் அவள் கம்பெனி அவள் பெயரை மறுபடியும் குலுக்கலுக்குக் கொடுத்தது. கணவனுக்கு அதில் சற்று வருத்தம். அட்டைதான் இருக்கிறதே, எதற்கு என்று கேட்டிருக்கிறான். இது நான்காவது முறை. வந்தால் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.